கொஞ்சம் பொறுத்துக்கிடு

பழைய கார் ஒன்றை இப்போது வாங்குவதா, பொறுத்து வாங்குவதா என்பதில் பெண்ணியக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்ட பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

கார் கொச்சியில் நிற்கிறது. 2011இல் பதிவான மெர்சிடஸ் எஸ்எல்கே. சிவப்பு. இரண்டே இருக்கை. பொத்தானை அழுத்தினால் இரும்புக் கூரை இருபது சொச்சம் விநாடியில் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். கேட்கும் விலை 17 லட்சம். எனக்கு நாற்பத்தாறு வயது. பல வருடம் இழுத்தடித்த பதவி உயர்வு நிலுவைத் தொகை இந்த வருடம்தான் கைக்கு வந்தது. அதோடு சேமிப்பையும் சேர்த்தால் கடன் இல்லாமல் வாங்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்னக் கார் உண்டு. பதினொரு வருடமாக நான்தான் அதை ஓட்டுகிறேன். ராயகிரியிலிருந்து கல்லூரிக்கு, தென்காசி ஆஸ்பத்திரிக்கு, ராஜபாளையம் துணிக்கடைக்கு, சாவு வீட்டுக்கு, கல்யாண வீட்டுக்கு. நான் அந்தக் காரை ஓட்டுவதைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சிவப்புக் கார் பற்றிச் சொன்னதும்தான் எல்லோருக்கும் வாய் திறந்தது.

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். கணவர், "உன் பணம், உன் இஷ்டம். ஆனா கொஞ்சம் பொறு, மகள் படிப்பு முடியட்டும்" என்றார். தம்பி, "அக்கா, இன்னும் ரெண்டு வருஷம் போனா விலை இறங்கும்" என்றான். போன வருடம்தான் ஏழு பேர் உட்காரும் புது வண்டியை, விலை இறங்கக் காத்திராமல், கடனில் எடுத்தவன் அவன். துறையில் ஒருவர், "ஓய்வு பெற்ற பிறகு ஓட்டலாமே மேடம்" என்றார். அம்மா ஒரே சொல்லில் முடித்தாள்: "பொறுத்துக்கிடு."

வேண்டாம் என்றால் எதிர்த்துச் சண்டை போடலாம். பொறு என்றால் என்ன செய்வது? அதில் அன்பு இருக்கிறது, அக்கறை இருக்கிறது. மறுப்பு மட்டும் இல்லாததுபோல் இருக்கிறது. மறுத்தவர் என்ற பெயரும் அவர்களுக்கு வராது. நமக்குக் கிடைக்கவும் செய்யாது. படித்த, பண்பான, மனைவியை வேலைக்கு அனுப்புகிற குடும்பங்களில் பெண்ணுக்குப் போடும் பூட்டு இந்தச் சொல்தான்.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். பொறு என்றால் காத்திரு. பொறு என்றால் சுமையைத் தாங்கு. பொறு என்றால் செய்த தவறை மன்னித்துவிடு. மூன்றுக்கும் ஒரே வினை. பொறுமையும் பொறுப்பும் அதிலிருந்தே வருகின்றன. ஒரு பெண்ணிடம் பொறு என்று சொல்லும்போது நம் மொழி மூன்றையும் ஒருசேரக் கேட்டுவிடுகிறது.

வகுப்பில் முல்லைத் திணை நடத்தும்போது அதன் உரிப்பொருள் இருத்தல் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். இருத்தல் அவளுக்கு. பாலையின் பிரிதலும், பொருள்தேடிப் போகும் வழியும் அவனுக்கு. முல்லைப்பாட்டு பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி. போருக்குப் போன அரசனுக்காக அரசி காத்திருக்கிறாள். கடைசியில் அவள் காதில் விழுவது அவன் தேரின் ஓசை. தேரை விரைந்து செலுத்து என்று பாகனிடம் சொல்லும் தலைவர்கள் அகப்பாடல்கள் நெடுக வருகிறார்கள். அப்படிச் சொல்வது தமிழில் காதலின் அடையாளம். வேகம் அவனுக்கு அழகாகிறது, காத்திருப்பு அவளுக்குக் கற்பாகிறது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. இருபது வருடமாக இதைக் கவிதையின் அழகு என்று சொல்லிக்கொடுத்தேன். அழகுதான். ஆனால் அந்தத் தேரில் அவளுக்கு ஓட்டும் இடம் இல்லை என்பதையும் மாணவிகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பெண்கள் வண்டி ஓட்ட இந்தச் சமூகம் விடத்தானே செய்கிறது என்பீர்கள். விடுகிறது. எப்போது விடுகிறது என்று பாருங்கள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்நின்றார். லட்சம் பெண்களுக்கு மேல் கற்றார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதி உலகம் அறிந்தது. கேலியையும் ஏச்சையும் தாண்டி அந்தப் பெண்கள் மிதித்தார்கள். அவர்கள் போட்ட தடத்தில்தான் நான் ஓட்டுகிறேன். ஆனால் அந்தச் சைக்கிளைப் புகழ்ந்தவர்கள் எதைச் சொல்லிப் புகழ்ந்தார்கள்? தண்ணீர்க் குடம் கொண்டுவரலாம், பிள்ளையை முன்னால் உட்கார வைக்கலாம், விளைந்ததைச் சந்தைக்கு எடுத்துப் போகலாம். 2018 பிப்ரவரியில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவை எல்லாம் வேண்டும். இன்னும் அதிகமாக வேண்டும். இவற்றை ஒருவரும் குறைத்துப் பேசினால் நான் முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பெண்ணின் சக்கரத்துக்கு எப்போதும் ஒரு காரணம் கேட்கப்படுகிறது. குடம், பிள்ளை, வேலை, மருத்துவமனை. பிறருக்குப் பயன்படும்வரை அவள் நகரலாம். சும்மா நகர அனுமதி இல்லை. என் சின்னக் காருக்கு ஒருவரும் வாய் திறக்காததன் காரணம் அதுதான். அதன் பின் இருக்கையில் எப்போதும் யாராவது இருந்தார்கள். சிவப்புக் காரில் பின் இருக்கையே இல்லை. "புள்ளைய எங்கட்டி உக்கார வைப்பே?" என்று அம்மா கேட்டாள். பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் விடுதியில் இருக்கிறாள். கேள்வி பிள்ளையைப் பற்றியதல்ல. யாரையும் ஏற்றாத வண்டி உனக்கு எதற்கு என்பதுதான் கேள்வி.

சீசன் நேரத்தில் குற்றாலம் வந்து பாருங்கள். ஜூனில் சாரல் தொடங்கியதும் சைலன்சரைக் கழற்றிய பைக்குகளும், கதவில் ஏறி உட்கார்ந்த இளைஞர்களோடு கார்களும் சாலையை நிறைக்கும். புளியரை எஸ் வளைவில் ஆரியங்காவு நோக்கி அவர்கள் வளைத்து ஏறுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. பையன்கள், சாரல், சந்தோஷம் என்று விட்டுவிடுகிறோம். அதே வளைவில் நாற்பத்தாறு வயதுப் பெண் கூரையை மடித்துவிட்டு நிதானமாக ஏறினால் அதற்குப் பெயர் சந்தோஷம் ஆகாது, புத்தி பேதலிப்பு.

காரும் பெண் பணமும் புதிய உறவல்ல. காரைக் கண்டுபிடித்தவர் என்று நாம் படிக்கும் கார்ல் பென்ஸின் தொழிலைக் காப்பாற்றியது மனைவி பெர்தாவின் சீதனப் பணம். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அந்த வண்டியில் போனவர் அவர். எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். கேட்டிருந்தால் கணவர் பொறு என்றுதான் சொல்லியிருப்பார். இங்கே 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. இன்றும் மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலில் நகைக்கு அடுத்தது கார்தான். பெண் வீட்டுப் பணம், அவன் பெயரில் ஆர்.சி., ஓட்டுநர் இருக்கை அவனுக்கு. அந்தக் காரை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. பொறுத்து வாங்கலாம் என்றும் சொல்வதில்லை.

என் அம்மா பீடி சுற்றினாள். தட்டு மடியில், கை தாளில், கண் அடுப்பில். அவளுடைய பி.எஃப். பணம் வந்தபோது அது தம்பிக்கு பைக் ஆனது. அவள் அந்த பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து கோயிலுக்குப் போனாள், பெருமையாகத்தான் போனாள். நான் எம்.ஏ. சேர ஒரு வருடம் பொறுத்தேன், தம்பியின் கட்டணம் முதலில். முனைவர் பட்ட ஆய்வேட்டை மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் கொடுத்தேன். முதல் கவிதைத் தொகுப்பு, மாமனாரின் நோய் முடிய மூன்று வருடம் பெட்டியில் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. காரணங்கள் தனித்தனியே நியாயமாக இருப்பதால்தான் மொத்தத்தில் நடந்த அநியாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

1990 நவம்பர் 6 அன்று ரியாத்தில் 47 பெண்கள் கார் ஓட்டிக் காட்டினார்கள். வேலை போனது, கடவுச்சீட்டு பறிபோனது. சமூகம் இன்னும் தயாராகவில்லை என்றார்கள் ஆள்பவர்கள். தடை நீங்கியது 2018 ஜூன் 24 அன்று. 1990இல் முப்பது வயதாக இருந்தவருக்குத் தடை நீங்கியபோது ஐம்பத்தெட்டு. அவருடைய நிலைமையும் என்னுடையதும் ஒன்றல்ல. எனக்கு உரிமம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. ஆனால் பொறு என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. தயாராக வேண்டியவர்கள் அவர்கள். வயதாவது நமக்கு.

என் தோழிகளிடமிருந்து வரும் எதிர்ப்புதான் எனக்குக் கனமானது. பெட்ரோல் குடிக்கும் பணக்காரப் பொம்மைக்குப் பெண்ணியம் பேசுகிறாயா, அந்தப் பணத்தில் எத்தனை பெண்களைப் படிக்க வைக்கலாம் என்கிறார்கள். பாதி சரி. இந்தக் கார் புரட்சி இல்லை. இதை வாங்குவதால் எந்தப் பெண்ணுக்கும் விடுதலை கிடைக்காது. சம்பளம் உள்ள, சாதியிலும் வேலையிலும் கொஞ்சம் பாதுகாப்பு உள்ள ஒருத்தியின் ஆசை இது. அப்படித்தான் இதைச் சொல்கிறேன். மறுபாதியைக் கேளுங்கள்: தம்பி ஏழு இருக்கை வண்டி வாங்கியபோது இந்தக் கணக்கை யாரும் அவனிடம் போடவில்லை. தியாகத்தால் மட்டுமே நியாயமாகிற ஆசையைப் பெண்ணுக்கு வைத்துவிட்டு, அதையே பெண்ணியம் என்றும் சொன்னால், பாட்டிமார் சொன்னதற்கும் நாம் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?

இதனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்லவில்லை. வண்டிக்காகப் பொறுப்பது வேறு, ஊருக்காகப் பொறுப்பது வேறு. வண்டிக்கான காரணங்களை எழுதி வைத்திருக்கிறேன். பதிவாகி 15 வருடம் முடிகிற வண்டி. புதுப்பித்தல் யார் செலவு என்பதை விலை பேசும்போதே முடிக்க வேண்டும். கேரளப் பதிவு என்பதால் அங்கிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் பாக்கி இருந்ததா, படிவம் 35 கொடுத்து நீக்கினார்களா என்று பார்க்க வேண்டும். காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாள் கெடு. பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் நமக்கு வராது. கூரையை மடிக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் கசிகிறதா என்று நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு தட்டுமா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். இவற்றுக்கு ஆறு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அந்த ஆறு வாரம் பொறுப்பேன். மெக்கானிக் வேண்டாம் என்றால் இந்த வண்டியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவேன். மகள் படிப்பு, ஓய்வுக்காலம், ஊர் வாய் எதற்காகவும் ஒருநாள்கூடப் பொறுக்கமாட்டேன்.

முடிவை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூரை இல்லாம போனா சேல பறக்கும்லாட்டி" என்றாள். தனக்கு ஒரு இருக்கை இருப்பதை அவள் கணக்கில் எடுத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

மாணவிகளுக்கு ஒன்று. அது கார் இல்லாமல் இருக்கலாம். வெளியூர்ப் படிப்பு, தனி அறை, ஒரு பயணம், ஒரு விவாகரத்து. யாராவது அன்பாகக் கொஞ்சம் பொறு என்று சொன்னால் கோபப்படாதீர்கள். எதற்காக என்று கேளுங்கள். எந்தத் தேதிவரை என்று கேளுங்கள். தேதி சொல்ல முடிந்தால் அது யோசனை. தேதி சொல்ல முடியாவிட்டால், உங்களிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குரிய பதிலை அதற்குக் கொடுங்கள்.