முந்திக்கொண்ட பதில்

ட்ராய் யுத்தம் யாரால் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'ஹெலன்' என்று சொல்லிவிடுவோம். அவளை அழைத்துக்கொண்டு ஓடிய இளவரசன் பாரிஸையும் தெரியும். அந்த ஆசாமிக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாளே, அது தெரியுமோ? தெரியாவிட்டால் குற்றமில்லை. ஹோமரே தன் 'இலியட்'டில் அவள் பெயரைச் சொல்லவில்லை.

பெயர் ஈனோனி. ஒரு 'நிம்ஃப்'. அதாவது மலை, ஆறு, மரம் என்று ஆளுக்கோர் இடத்தில் குடியிருக்கும் குட்டி தேவதை. கிரேக்கக் கதைகளில் இவர்களுக்கு அதிகம் வேலை கிடையாது. அழகாக இருக்க வேண்டும். பெரிய கடவுள் யாராவது துரத்தினால் ஓட வேண்டும். ஓடி அலுத்தால் மரமாகவோ நாணலாகவோ மாறிவிட வேண்டும். ஈனோனி கொஞ்சம் வேறு மாதிரி. கெப்ரன் என்ற ஆற்றுத் தேவனின் மகள். வைத்தியம் தெரியும். நடக்கப்போவதைச் சொல்லவும் தெரியும்.

அவள் இருந்தது ஐடா மலையில். இன்றைய துருக்கியின் வடமேற்கில், 1,774 மீட்டர் உயரத்துக்கு இப்போதும் நிற்கிற மலை. பாரிஸ் அங்கேதான் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். 'இந்தப் பிள்ளையால் ஊர் எரியும்' என்று அம்மா கண்ட கனவுக்குப் பயந்து, பிறந்ததுமே அரண்மனையிலிருந்து தூக்கி மலையில் போட்டுவிட்டார்கள். கையில் காலணா இல்லாத அந்தக் காலத்தில் அவனைக் கட்டிக்கொண்டவள் ஈனோனி.

அப்புறம் பிரமோஷன் வந்தது. மூன்று தேவியரில் யார் அழகி என்று தீர்ப்புச் சொல்ல, லஞ்சமாக உலகப் பேரழகியையே தருவதாகச் சொன்னாள் அஃப்ரோடைட்டி. அரண்மனையும் 'நம்ம பிள்ளைதான்' என்று சேர்த்துக்கொண்டது. ஐயா ஸ்பார்ட்டாவுக்குக் கப்பல் ஏறத் தயாராகிவிட்டார். போகாதே என்றாள் ஈனோனி. கேட்கவில்லை. 'சரி, காயம் பட்டால் என்னிடம் வா. உன்னைக் குணப்படுத்த என்னால்தான் முடியும்' என்றாள்.

பட்டது. யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் பிலாக்டிடீஸ் விட்ட அம்பு. ஹெரக்ளீஸிடமிருந்து வந்த வில். ஹைட்ரா பாம்பின் விஷம் தோய்த்த அம்பு. பாரிஸுக்கு அப்போதுதான் முதல் மனைவி ஞாபகம் வந்தது.

இதற்கப்புறம் கதை ஆளுக்கு ஒரு மாதிரி. என்னைத் தூங்கவிடாதது, பார்த்தீனியஸ் என்ற கிரேக்கர் கி.மு. முதல் நூற்றாண்டில் தொகுத்த 36 காதல் சோகங்களில் நான்காவதாக வரும் வடிவம். அதில் பாரிஸ் ஒரு தூதனை அனுப்புகிறான். 'ஹெலனிடமே போய்க் கேட்கச் சொல்' என்று ஒற்றை வரியில் பதில். பல வருஷ ஆத்திரம். ஆனால் தூதன் திரும்பிய கையோடு அவளும் கிளம்பிவிடுகிறாள், பாரிஸ் கிடக்கும் இடத்துக்கு. மனசு கேட்கவில்லை.

தூதன் முந்திக்கொண்டான். பதிலைக் கேட்டதும் பாரிஸுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று, உயிரும் போயிற்று. பின்னாலேயே வைத்தியச்சி வந்து சேர்ந்தாள். பார்த்தாள், அழுதாள், தன்னையும் முடித்துக்கொண்டாள்.

பாரிஸ் மேல் எனக்குப் பெரிதாக இரக்கமில்லை. அந்த பதிலைச் சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. சங்கடம் என்னவென்றால், கோபத்தை எடுத்துப்போக வாசலில் ஓர் ஆள் தயாராக நிற்கிறான். மனசு மாறியதைச் சொல்ல மட்டும் நாமேதான் மலை இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. அனுப்பிய செய்தியை அழிக்கிற வசதி நம் கைபேசியில் இருக்கிறது. அதற்குள் அந்தப் பக்கம் படித்துவிட்டிருந்தால்?

ஒரு கொசுறு. 1880ல் பெர்லினில் கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்கு ஈனோனி என்று பெயர். எண் 215. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிறது. ஹெலன் பெயரில் உள்ள 101ம் அதே வட்டாரம்தான். 1984ல் கண்டுபிடித்த 3317க்கு பாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். அது அங்கே இல்லை. தள்ளி, வியாழனின் பாதையிலேயே, யுத்தக் கதையில் வரும் மற்றவர்களின் பெயர் தாங்கிய கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஈனோனிக்கும் இல்லை, ஹெலனுக்கும் இல்லை.