மண்ணெண்ணெயும் வானூர்தியும்

கல்லூரி விழாவை முன்னிட்டுக் கடல் கடந்த நாடுகளிலிருந்து வந்த பழைய மாணவர்களுட் சிலர், சென்னையிலிருந்து நேரே பலாலியில் வந்திறங்கினர். கொழும்பிலிருந்து இரவு முழுவதும் பேருந்திலே குலுங்கி வந்த எமக்கு அவர்கள்மேற் சிறிது பொறாமை உண்டானதை மறைப்பானேன்? அவர்களைச் சூழ்ந்து நின்ற மாணவருள் ஒருவன், “ஐயா, நீங்கள் வந்த விமானத்தில் எவ்வகைப் பொறி பூட்டியிருந்தது?” என்று வினவினான். ஒருவரும் விடை கூறிற்றிலர். அவர்களுள் இருவர் பொறியியலாளர். அருகில் நின்ற எமக்கும் அப்போது விடை தெரியாது. அவ்வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பலாலிக்கு வானூர்தி புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கில அரசின் விமானப் படை அமைத்த தளம் அது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி ஏயர் சிலோன் தன் முதற் பயணத்தை இரத்மலானையிலே தொடங்கி, பலாலியில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. அவ்விமானம் டக்கோட்டா. அதன் பொறி ஒவ்வொன்றிலும் 14 உருளைகள் இருந்தன. உருளைக்குள் முசலம் ஏறியிறங்க, பெற்றோல் ஆவி தீப்பொறியால் வெடித்துத் தண்டைச் சுழற்றியது. ஊர் மோட்டார் வண்டியிலும் நடப்பது இதுவே. நெடுங்கால இடைவெளிக்குப்பின் 2019 அக்டோபரிலே பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, தொற்றுநோயால் 2020இல் நின்று, 2022 டிசெம்பரில் மீண்ட சென்னைச் சேவைக்கு வந்ததோ ஏ.ரி.ஆர். 72 என்னும் விமானம். அதில் உருளையுமில்லை, முசலமுமில்லை, பெற்றோலுமில்லை. அது குடிப்பது மண்ணெண்ணெய்.

மண்ணெண்ணெய் என்றதும் எம்மவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். 1990ஆம் ஆண்டிலே பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருமருந்தான பின்னர், யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களும் ஏ. 40களும் மோட்டார்ச் சைக்கிள்களும் எதனால் ஓடின? முதலிற் சில துளி பெற்றோலைக் காபரேற்றருள் விட்டுப் பொறியை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். வெண்புகை தெருவை மறைத்தது. மூக்கெரிந்தது. எனினும் நோயாளர் மருத்துவமனை சேர்ந்தனர். பிள்ளைகள் சோதனைக்குச் சென்றனர்.

அவ்வித்தையை அறிந்தவர்கள் அதன் காரணத்தையும் சிறிது எண்ணிப்பார்த்தல் நன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் துளி பெற்றோல் வேண்டியிருந்தது. மிகுந்த அமுக்கமுள்ள உருளையில் அது ஒழுங்குமுறையின்றி வெடித்து முசலத்தை அடிக்கும். பழைய வண்டிகளின் அமுக்கம் குறைவாகையால் அவை அதனைப் பொறுத்துக்கொண்டன. தாரைப் பொறியிலோ இவ்விரு தொல்லையும் இல்லை. அங்கே வெடிப்பு என்பதே கிடையாது. அடுப்பிலே சுவாலை நின்றெரிவதுபோல, அமுக்கிய காற்றின் நடுவே மண்ணெண்ணெய் நுண்துளியாகத் தூவப்பட்டு இடையறாது எரிகின்றது. உறிஞ்சுதல், அமுக்குதல், எரித்தல், வெளியேற்றுதல் என்று ஒரே உருளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த நான்கும், இங்கே நான்கு இடங்களில் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. எரிந்து விரிந்த வாயு சுழலியின் அலகுகளைத் தள்ளுகின்றது. அச்சுழலி ஒரு தண்டின் வாயிலாக முன்னேயுள்ள அமுக்கியைச் சுழற்றுகின்றது. ஊதியைச் சுழற்றத் தீயே துணைபுரியும் கொல்லன் உலை என்று இதனைக் கூறலாம்.

எஞ்சிய வாயுவைப் பின்னோக்கி வேகமாக வீசி விமானத்தை முன்னோக்கித் தள்ளுவது பழைய தாரைப் பொறி. அதிற் பெருஞ் சத்தமும் பெருஞ் செலவும் உண்டு. ஏனெனில், உதைப்பு வீசப்படும் காற்றின் திணிவையும் வேகத்தையும் பெருக்க வருவது. செலவாகும் சத்தியோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. நிற்கும் விமானத்தை வைத்துக் கணித்தால், இருமடங்கு காற்றைப் பாதி வேகத்தில் வீசினும் உதைப்பு அதுவே; சத்தி பாதி. உயர்தர வகுப்பு மாணவன் இதனைக் கால்தாளிற் செய்துவிடுவான். இக்கணக்கின் பயனே சுழலி விசிறிப் பொறி. இரண்டாவது சுழலியொன்று, முதற்தண்டின் உள்ளே செல்லும் மற்றொரு தண்டினால் முகப்பிலுள்ள பெரிய விசிறியைச் சுழற்றும். விசிறி தள்ளும் காற்றிற் சிறுபங்கு தீயினுட் புகும். பெரும்பங்கு புறவழியே சென்று வெளியேறும். விசிறிக்குப் பதிலாக உறையில்லாத உந்துவிசிறியைப் பற்சக்கரம் வைத்துச் சுழற்றினால் ஏ.ரி.ஆர். விமானத்தின் பொறியாகும். குறுகிய தூரத்திற்கும் குறுகிய ஓடுபாதைக்கும் அதுவே ஏற்றது.

எட்டுப்பத்துப் பேர் செல்லும் வணிகத் தாரை விமானங்களுக்கென இப்பொறியைச் சிறிதாக்க முயன்றபோது ஓர் இடர் எழுந்தது. பெரியதைப் படி எடுத்துச் சுருக்கினாற் போதாது. அலகின் நுனிக்கும் உறைக்கும் இடையே விடவேண்டிய நூலளவு வெளியைப் பொறியின் அளவுக்கேற்பச் சுருக்குதல் இயலாது. அலகு குறுகக் குறுக அவ்வழியே கசியும் காற்றின் பங்கு மிகும். கனடாவிலே பிராற் அன்ட் விற்னி கனடா நிறுவனத்தார் 1972இற் சேவைக்கு வந்த செஸ்னா சைற்றேசன் விமானத்திற்கென அமைத்த ஜே.ரி. 15டி பொறியில் இதற்கொரு வழி கண்டனர். வரிசை வரிசையான சிற்றலகுகளை விடுத்து, காற்றை மையத்தில் ஏற்று விளிம்புக்கு எறியும் ஒற்றைச் சக்கரத்தை அமுக்கியாக வைத்தனர். அது நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழல்வது. தீயறையையும் அதனைச் சுற்றி மடித்து வைத்து நீளத்தைக் குறைத்தனர். ஓர் ஆள் கட்டிப்பிடிக்கக்கூடிய பருமனும், இருநூற்றுச் சொச்சம் கிலோகிராம் நிறையுமுள்ள அது, ஏறக்குறைய 1,000 கிலோகிராம் நிறைக்கு ஈடான உதைப்பைத் தந்தது. பலாலிக்கு வந்த ஏ.ரி.ஆர். விமானத்தின் பொறியும் அதே நிறுவனத்தாரது. அதிலும் இத்தகைய எறிசக்கரம் இரண்டு உண்டு.

இந்த எறிசக்கரத்தை எம் கமக்காரன் அறியானா? தோட்டக் கிணற்றடியில் நீரிறைக்கும் பம்பியைக் கழற்றிப் பாருங்கள்; அதே வடிவம். நீரை மையத்தில் ஏற்று விளிம்புக்கு எறிகின்றது. மண்ணெண்ணெயும் எறிசக்கரமும் அருகருகே இருக்க வெங்காயத்துக்கு நீர் இறைத்த குடும்பத்துப் பிள்ளை, தாரைப் பொறி வேற்றுலகப் பொருளென்று எண்ணி நிற்பது எமக்குப் பெருந் துயராகத் தோன்றுகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதியை ரியூட்டரியில் அவன் ஒப்புவிப்பான். வினாத்தாளிற் புள்ளியும் பெறுவான். தலைக்குமேற் செல்லும் விமானத்தைப் பார்த்து, அவ்விதி அங்கே பறக்கிறதென்று அவனுக்கு எவரும் காட்டிற்றிலர். நாம் பயின்ற காலத்திலும் ஆய்வுகூடத்து அலுமாரிகள் பூட்டியே இருந்தன. திறப்பு ஆசிரியர் சட்டைப்பையில் இருந்தது. பொருள் உடைந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு. உடைந்தாலென்ன என்று அன்று கேட்கும் துணிவு எமக்கில்லை.

“எங்கள் பிள்ளைகள் விமானப் பொறி செய்யவா போகிறார்கள்?” என்று விழாக் குழுவில் ஓரன்பர் கேட்டார். அயலிலே பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் நிறுவனத்தார் 25 கிலோநியூற்றன் உதைப்புக்கெனச் சிறு சுழலி விசிறிப் பொறியொன்றை வடிவமைத்து, அதன் கருப்பகுதியை 2015 டிசெம்பரில் முதன்முதல் இயக்கினர். செய்தவர்களும் ஏதோவொரு பள்ளியிற் படித்த பிள்ளைகளே. எம் பிள்ளைகள் செய்வார்களென்று நாம் வாக்களிக்கவில்லை. பெற்றோலில்லாக் காலத்தில் வண்டியோட்டிய கைகளின் பேரர்கள், ஒரு பொறியைத் திறந்து பார்க்கவும் வாய்ப்பின்றி வளர்வது முறையன்று என்றே சொல்கின்றோம்.

விழா நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவதென்று பேச்சு நடக்கின்றது. வளைவை நாம் பகைக்கவில்லை, அழகாகவே இருக்கும். ஆயினும் அத்தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, பறக்கும் ஆயுள் முடிந்து கழிக்கப்பட்ட சிறு பொறியொன்றை வாங்கி, பக்கவாட்டில் வெட்டித் திறந்து, பழைய சைக்கிள் கொட்டகையிலே ஒரு மேசைமேல் வைக்கும்படி குழுவினரை வேண்டுகின்றோம். வெளிநாடுகளில் விமானத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்கள் அதைத் தேடித்தர உதவலாம். பக்கத்திற் கழற்றிய நீர்ப்பம்பி ஒன்றும் இருக்கட்டும். அதற்கு விலையில்லை, எம் வீட்டுக் கிணற்றடியில் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கின்றது, கொண்டுவந்து தருகின்றோம். கொட்டகைக்குப் பூட்டு மட்டும் வேண்டாம்.