கல்யாண வீட்டுக்குப் போன சோதனைச் சாவடி

சென்னைத் தோழர்களிடம் ஈ.சி.ஆர். என்று சொன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அங்குள்ள ரிசார்ட்டுகளும் நினைவுக்கு வரும். கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் போகிற வழியில் இருக்கும் எங்கள் காலனியில் ஈ.சி.ஆர். என்றால் பாஸ்போர்ட்டில் விழுகிற முத்திரை. 'எமிக்ரேஷன் செக் ரெக்கொயர்டு'. வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் இந்த ஆளைச் சோதிக்க வேண்டும் என்று பொருள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு அது வரும். என் சித்தப்பாவின் பாஸ்போர்ட்டில் அது இருக்கிறது.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்த முத்திரை உள்ளவர் சவூதி, குவைத், கத்தார், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் முதலில் அரசின் அனுமதி பெற வேண்டும். இப்போது அதெல்லாம் 'இ-மைக்ரேட்' என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. முதலாளி, முகவர், ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் அதில் ஏறினால்தான் அனுமதி.

சித்தப்பாவிடம் ஏஜெண்டு சொன்னது வேறு. "அந்த வழியில போனா மாசக்கணக்குல ஆகும்ணே. விசிட் விசால ஏறிருங்க, அங்க போய் மாத்திக்கிடலாம்." வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொடுத்துவிட்டுச் சித்தப்பா ஏறினார். விமான நிலையத்தில் குடியேற்றப் பிரிவு அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி கேட்டார்: "பத்தாவதுகூட பாஸ் பண்ணல. நீ ஊர் சுத்திப் பாக்கவா போற?" அவர் பட்ட கடனை அடைத்து முடித்துவிட்டோம். இந்தக் கேள்வி மட்டும் இன்னும் அவரைவிட்டுப் போகவில்லை. அங்கே போனபின் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். கடைசி ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை. எந்தக் கணினியிலும் அவர் தொழிலாளியாகப் பதிவாகவில்லை என்பதால், புகார் கொடுக்கப் போன இடத்தில் "நீங்கள் சுற்றுலாப் பயணி" என்றார்கள்.

அவர் ஏன் பத்தாவது தேறவில்லை? சோம்பலா, மூளைக் குறைவா? 1996 டிசம்பரில், எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருக்கும் குழந்தைகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அப்போது சித்தப்பாவுக்கு 11 வயது. விடியும் முன்னே வருகிற கம்பெனி வேனில் ஏறி, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். தீர்ப்பும் வரவில்லை, இருபதாயிரமும் வரவில்லை. வேன் எல்லாத் தெருவுக்கும்தான் வந்தது. ஆனால் கரிசலில் நாலு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் நல்ல மழை பெய்த வருடத்தில் பள்ளிக்கூடம் திரும்பினார்கள். நிலமே இல்லாத எங்கள் காலனிப் பிள்ளைகள் திரும்பவில்லை. பள்ளிக்கு அனுப்பத் தவறிய அதே அரசுதான், இருபது வருடம் கழித்து "நீ பள்ளிக்குப் போகவில்லை" என்று முத்திரை குத்துகிறது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பத்தாவது தேறாதவர் வருமான வரி கட்டுபவராக இருந்தால் அவருக்கு இந்த முத்திரை கிடையாது. படிப்பு இல்லாதவர் ஏமாறுவார் என்று கவலைப்படும் சட்டம், பணம் இருந்தால் அந்தக் கவலையை விட்டுவிடுகிறது. அப்படியானால் சோதனை யாருக்கு?

இனி அந்தப் பக்கம் போவோம். 2024-இல் குஜராத்தின் ஜாம்நகரில் அம்பானி வீட்டுத் திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் நடந்தது. ஜாம்நகர் விமான நிலையம் விமானப்படைத் தளத்தோடு சேர்ந்தது; பன்னாட்டு விமான நிலையம் அல்ல. ஆனால் பிப்ரவரி 25 முதல் மார்ச் 5 வரை பத்து நாள் அதற்குப் பன்னாட்டுத் தகுதி தரப்பட்டது. குடியேற்றச் சோதனை, சுங்கம், சுகாதாரச் சோதனை மூன்றையும் ஒன்றிய அரசு அங்கே கொண்டுபோய் வைத்தது. வெளிநாட்டிலிருந்து சொந்த விமானத்திலும் வாடகை விமானத்திலும் வந்த விருந்தாளிகள் நேராக அங்கேயே இறங்கினார்கள். தென்மாவட்ட மக்கள் மதுரை விமான நிலையத்துக்குப் பன்னாட்டுத் தகுதி கேட்டு எத்தனை வருடம் மனுக் கொடுத்தோம்? கோவில்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். எங்கள் ஆட்கள் அதையும் தாண்டித் திருச்சிக்கும் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ராத்திரி பஸ் ஏறுகிறார்கள். நாம் சோதனைச் சாவடியைத் தேடிப் போகிறோம். அவர்கள் வீட்டுக்குச் சோதனைச் சாவடியே போகிறது.

பணக்காரர்களுக்கும் சோதனை உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது எப்போது வந்தது? சொந்த விமானத்தில் வருவோரின் பட்டியலைப் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே கணினி வழியாகத் தர வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2009-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் அப்படி இணையவழி அறிக்கை தருவது 2024 ஏப்ரலில்தான் சட்டப்படிக் கட்டாயமானது. கூலிக்குப் போகிறவனைப் பட்டியலிடும் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமோ 1922-லேயே இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் பாட்டன்மாரை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்துச் சோதித்துத்தான் கப்பல் ஏற்றினார்கள்.

கணினி இருந்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. 2015 அக்டோபரில் விஜய் மல்லையாவை 'தடுத்து நிறுத்து' என்று விமான நிலையங்களுக்குச் சி.பி.ஐ. அறிவிப்பு அனுப்பியது. அடுத்த மாதமே அதை 'தகவல் மட்டும் சொல்' என்று மாற்றியது. 2016 மார்ச் 2 அன்று அவர் லண்டன் போய்விட்டார். அவர் பெயர் கணினியில் இருந்தது. பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள்.

2018 ஜனவரியை மறக்கவே கூடாது. அந்த மாதம் 1-ஆம் தேதி நீரவ் மோடி நாட்டைவிட்டுப் போனார். அதே மாத நடுவில் வெளியுறவுத் துறை ஓர் அறிவிப்பு விட்டது: ஈ.சி.ஆர். உள்ளவர்களுக்கு இனி ஆரஞ்சு நிற பாஸ்போர்ட். மற்றவர்களுக்கு வழக்கமான நீலம். எதிர்ப்பு கிளம்பவும் மாதக் கடைசியில் அதைக் கைவிட்டார்கள். கோடிகளைச் சுருட்டியவருக்கு நீலம், குச்சி அடுக்கியவருக்கு ஆரஞ்சு!

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் படித்தவர்களுக்குத் தெரியும், மணிக்கட்டில் எந்தச் சாதிக்கு எந்த நிறக் கயிறு என்று. 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. தூரத்திலிருந்தே ஒருவனை இன்னான் என்று அடையாளம் காண நிறம் வேண்டும் என்ற அதே புத்திதான் டெல்லியில் பாஸ்போர்ட் அட்டைக்கும் நிறம் தேடியது.

சில தோழர்கள் சொல்வார்கள்: "அந்தச் சோதனை பாதுகாப்புக்குத்தானே? வளைகுடாவில் நம் ஆட்கள் படும் பாடு தெரியாதா?" தெரியும். எங்கள் வீட்டிலேயே தெரியும். பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொழிலாளியின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது பாதுகாப்பு ஆகாது என்கிறேன். தப்புச் செய்பவர் ஏஜெண்டு, சம்பளம் தராதவர் முதலாளி, முத்திரை மட்டும் சித்தப்பாவுக்கா? 30 வயதுக்குக் கீழே உள்ள ஈ.சி.ஆர். பெண்களுக்கு அந்த 18 நாடுகளில் வேலைக்குப் போக அனுமதியே கிடையாது என்று வைத்திருக்கிறார்கள். அதுவும் பாதுகாப்பாம். இப்படி வாசலை அடைப்பதால்தான் ஏஜெண்டின் விசிட் விசா வியாபாரம் நடக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் தன் அனுபவக் குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர் வைத்தார். அதில் வரும் முதல் நிகழ்ச்சி கடல் தாண்டிய பயணம் அல்ல. அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவர்களுக்கு, சாதி தெரிந்ததும் ரயில் நிலையத்தில் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்த கதை. சொந்த மண்ணில் நடப்பதற்கே அனுமதி கேட்டு நின்றவர்கள் நாம்.

1983 சட்டத்துக்குப் பதிலாக ஒன்றிய அரசு 2025 அக்டோபரில் புதிய வரைவு மசோதாவை வெளியிட்டிருக்கிறது. இந்த நேரத்தில் நாம் கேட்க வேண்டியவை சில. படிப்பையும் வருமானத்தையும் வைத்து பாஸ்போர்ட்டில் ஆளைப் பிரிக்கும் முத்திரை ஒழிய வேண்டும். பதிவும் பிணையும் தண்டனையும் ஏஜெண்டு மேலும் முதலாளி மேலும் விழ வேண்டும். விசிட் விசாவில் போய் மாட்டிக்கொண்டவரையும் தொழிலாளி என்று தூதரகம் ஏற்க வேண்டும். தனி விமானங்களுக்காக எந்த ஊரில், யாருக்காக, எத்தனை நாள் தற்காலிகச் சோதனைச் சாவடி போடப்பட்டது, செலவு யாருடையது என்ற கணக்கை அரசு பொதுவில் வைக்க வேண்டும்.

கோவில்பட்டிப் பக்கத்திலேயே ஒரு விமான ஓடுபாதை உண்டு. அங்கே விமானி பயிற்சிப் பள்ளி வரப்போவதாகச் செய்தி வந்தது. வரட்டும், நம் பிள்ளைகளும் ஓட்டப் படிக்கட்டும். சித்தப்பாவின் மகள் இந்த வருடம் பத்தாவது எழுதுகிறாள். போன வாரம் அவர் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, இவ பாஸாயிட்டா இவளுக்கு அந்த முத்திரை விழாதுல்ல?"

விழாது சித்தப்பா. ஆனால் உங்கள் மேல் விழுந்ததும் போக வேண்டும்.