காசு கொடுத்தும் சொந்தமில்லை

யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட ‘தி க்ரூ’ கார் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தயவு தேவைப்பட்ட விளையாட்டு அது. டிஸ்க்கைக் கடையில் வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்க யூடியூபர் சும்மா விடவில்லை. அதே ஆண்டு அவர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய ஒன்றிய மனுவுக்கு 2025 ஜூலையில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. சர்வரை எந்நாளும் ஓட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கடையைக் கட்டும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போங்கள் என்கிறார்கள். செலவு எகிறும் என்கிறது விளையாட்டுத் துறை. பழையவற்றுக்கு அது உண்மையாகவே இருக்கட்டும். இனிமேல் எழுதப்போகும் விளையாட்டுக்கு முதல் நாளே இதைத் திட்டமிட என்ன தடை?

கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: நிறுவனம் பிற்பாடு பறித்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்றால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை முந்திக்கொண்டு, 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. அந்த உரிமம் எத்தனை வருடத்துக்கு என்பது மட்டும் அதில் இல்லை.