மர மீனில் அடுத்தவர் முத்திரையா? கம்பி எண்ணணும்!

தருமபுரி:
காவிரிக் கரையில் தூண்டில் போடுகிறவருக்கு மண்புழுவோ கேழ்வரகு உருண்டையோ போதும். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கும் பட்டணத்து ஆசாமிகளோ, மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய பொய் மீனைக் கேட்கிறார்கள். அதன் வயிற்றில் ஒரு 'லோகோ'வும் வேணுமாம்! மீனா லோகோ பார்த்துக் கடிக்கிறது? காசு கொடுப்பவர் பார்க்கிறார்.

பின்லாந்து நாட்டு ஏழை மீனவர் லாரி ராப்பலா 1936-ல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கினார். சாக்லேட் சுற்றிய பளபள தாளை மேலே ஒட்டினார். வார்னிஷுக்கு வழியில்லை, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். அவர் பெயர் இன்று உலகப் பிரசித்தம்.

'அந்தப் பெயரையே நாமும் போட்டால் என்ன?' என்று எந்த ஆசாரியாவது கணக்குப் போட்டால் ஆபத்து. 1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. விற்கிற கடைக்காரருக்கும் இதே கதிதான். "எனக்குத் தெரியாதுங்க" என்றால் அதை அவரே நிரூபிக்கணும்.

சொந்த முத்திரை என்றால் கவலையில்லை. சென்னை கிண்டியில் பதிவு அலுவலகம் இருக்கிறது. ஆன்லைனில் மனுச் செய்யும் தனி ஆளுக்கு, ஒரு பொருள் வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

ஒன்று கவனம். லோகோ மேல் வார்னிஷ் பூசாவிட்டால் தண்ணீரில் உரிந்துபோகும். ஒரு பக்கம் கெட்டியாகப் பூசினாலோ மர மீன் கோணலாக நீந்தும். வாங்கியவர் திரும்ப வரமாட்டார்.