காப்பகக் குழந்தைகளின் மனக்காயம்: ஆலோசகர் அறைக்கு வெளியே கிடக்கும் பணி

புதுடெல்லி: பெற்றோரின் பராமரிப்பை இழந்தோ, அவர்களது வீட்டிலிருந்து மீட்கப்பட்டோ அரசின் பொறுப்புக்கு வரும் குழந்தைக்கு உணவு, உடை, கல்வியுடன் மனநல உதவியும் அளிக்கப்பட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 53-ஆவது பிரிவில், குழந்தைகள் இல்லங்கள் அளித்தாக வேண்டிய சேவைகளுள் ஒன்றாக, அந்தந்தக் குழந்தையின் தேவைக்கேற்ற ஆலோசனை உள்ளிட்ட மனநலத் தலையீடுகளைக் குறிப்பிடுகிறது. சட்டம் இவ்வளவு விரிவாகச் சொன்ன ஒன்று, நடைமுறையில் ஓர் ஆலோசகரை நியமிப்பது என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் குழந்தையுடன் பேசும் ஆலோசகரைவிட, நள்ளிரவில் அலறி எழும் அதே குழந்தையின் அருகில் இருக்கும் பணியாளர் என்ன செய்கிறார் என்பதே அக்குழந்தையின் மனநலத்தை அதிகம் தீர்மானிக்கிறது. கொள்கை வகுப்போரின் கவனம் இன்னும் அந்த இடத்துக்கு முழுமையாகச் செல்லவில்லை.

இவ்வில்லங்களில் இருப்போர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அமைத்த ஜெனா குழு 2018-இல் அளித்த அறிக்கையின்படி, நாடெங்கும் 9,589 இல்லங்களில் 3.7 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இருந்தனர். அனாதை இல்லம் என்ற பழைய சொல் இன்றும் புழக்கத்தில் இருந்தாலும், இவர்களுள் பெரும்பாலோர் அனாதைகள் அல்லர். கொரோனா பெருந்தொற்று தொடங்கியபோது இல்லங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளுள் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதாவது, மூவரில் ஏறத்தாழ இருவருக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது. வறுமை, தந்தையின் குடிப்பழக்கம், தாயின் நோய், மறுமணம், அருகில் பள்ளி இல்லாமை ஆகியவையே பல குழந்தைகளை இல்லங்களின் வாசலுக்குக் கொண்டு வருகின்றன.

இதிலிருந்து ஒன்று விளங்கும். அடியோ, பாலியல் வன்முறையோ நேராத குழந்தைக்கும் பிரிவு என்ற காயம் உண்டு. தாய் உயிருடன் இருக்கும்போதே தான் ஏன் இங்கே விடப்பட்டோம் என்ற கேள்விக்கு விடை தெரியாத குழந்தை, பெரும்பாலும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகள் வீடு திரும்பியது நல்ல செய்தியாகவே பார்க்கப்பட்டது. ஆனால், பிரிவு எவ்வளவு திடீரென நேர்ந்ததோ, அவ்வளவு திடீரென நேரும் மறு இணைப்பும் குழந்தையைக் கலங்கடிக்கும். வீடு திரும்பிய குழந்தைகளின் கல்விக்காக மாதம் 2,000 ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது. அவர்களது மனநிலையைத் தொடர்ந்து கவனிப்பதற்கு அப்படியொரு தெளிவான ஏற்பாடு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

மனக்காயம் குழந்தைகளிடம் அழுகையாக மட்டும் வெளிப்படுவதில்லை. இரவு உணவில் ஒரு சப்பாத்தியை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பது, 10 வயதிலும் படுக்கையை நனைப்பது, பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் திரும்பி அடிப்பது, கதவு பூட்டப்படும் ஓசை கேட்டதும் உறைந்து நிற்பது, புதிதாக வருவோர் எவரையும் ஓடிச் சென்று கட்டிக்கொள்வது, காரணமின்றிப் பொய் சொல்வது, சுவர் ஏறித் தப்பிப்பது என அதன் முகங்கள் பல. பசியை அறிந்த உடல் உணவைச் சேமிக்கிறது. அடியை அறிந்த உடல் அதை எதிர்பார்த்து முந்திக்கொள்கிறது. பழைய ஆபத்தில் உயிரைக் காத்த பழக்கங்கள் இவை. இல்லத்தின் பதிவேட்டிலோ இவை திருட்டு, அசுத்தம், முரட்டுத்தனம், ஒழுங்கீனம் என்றே ஏறுகின்றன. அதன்பின் தண்டனை வருகிறது. குழந்தை அறிந்திருந்த உலகம் மீண்டும் உறுதியாகிறது. சப்பாத்தியை ஒளித்த குழந்தையைத் தண்டிப்பதற்குப் பதிலாக, பசித்தால் எந்த நேரமும் கேட்கலாம் என்று சொல்லி, கேட்டபோதெல்லாம் கொடுத்தால் அப்பழக்கம் தளரத் தொடங்கும். மனக்காயத்தை உணர்ந்த பராமரிப்பு என்று வல்லுநர்கள் கூறுவதன் சாரம் இதுவே. அதற்குப் பட்டம் பெற்ற உளவியலாளர் மட்டும் போதாது. சமையற்காரரும் காவலாளியும் அதை அறிந்திருக்க வேண்டும்.

ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் 2000-களின் தொடக்கத்தில் 136 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. நிறுவனங்களில் வாழ்ந்த குழந்தைகளுள் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தனர். குறிப்பாக, 2 வயதுக்குள் குடும்பத்தை அடைந்த குழந்தைகளிடம் பாசப் பிணைப்பு, மூளையின் மின் செயல்பாடு ஆகியவற்றில் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. ஒரே ஆள் தொடர்ந்து அருகில் இருப்பது சிறு குழந்தைக்கு ஆடம்பரமன்று, வளர்ச்சிக்கே அது தேவை என்பதை அந்த ஆய்வு நிறுவியது. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும் இல்லங்களில், ஒப்பந்தப் பணியாளர்கள் சில மாதங்களில் விலகிச் செல்லும் நிலையில், அப்படியொரு பிணைப்பு எப்படி உருவாகும்?

இந்தியச் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று கூற முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் 7-ஆம் எண் படிவம், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் தயாரிக்கக் கோருகிறது. குழந்தையின் உணர்வு மற்றும் உளவியல் தேவைகள், பிறருடனான பிணைப்பு, ஆள்கடத்தல், குடும்ப வன்முறை போன்ற, அதன் வளர்ச்சியைப் பாதித்திருக்கக்கூடிய அனுபவங்கள் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனி வரிசை உண்டு. எதிரே, செய்ய உத்தேசித்திருப்பது என்ன என்று எழுத வேண்டும். மாமல்லபுரத்தில் உள்ள காப்பகங்களில் குழந்தைகள் துன்புறுத்தப்படுவதாக 2007-இல் வெளிவந்த செய்தியிலிருந்து எழுந்த வழக்கில், 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவ்வாண்டு இறுதிக்குள் இத்திட்டங்களைத் தயாரித்து முடிக்குமாறு உத்தரவிட்டது. நல்ல படிவம்தான். ஆயினும், ஐம்பது குழந்தைகளுக்கும் 'ஆலோசனை வழங்கப்படும்' என்ற ஒரே வாசகத்தை எழுதி நிரப்பவும் அது இடம் தருகிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி படிவம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சென்றால், குழந்தையைப் பற்றி எவரும் எதையும் அறிந்ததாகாது.

முசாபர்பூர் வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பீகாரின் இல்லங்களை ஆய்வு செய்த டாடா சமூக அறிவியல் கழகத்தின் குழு 2018-இல் அளித்த அறிக்கையால், அங்குள்ள சிறுமிகள் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமைகள் வெளிச்சத்துக்கு வந்தன. இல்லத்தை நடத்திய பிரஜேஷ் தாக்கூர் உள்ளிட்ட 19 பேரைக் குற்றவாளிகள் என டெல்லி நீதிமன்றம் 2020 ஜனவரியில் அறிவித்தது. தாக்கூருக்கு அடுத்த மாதம் வாழ்நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நீதி கிடைத்தது என்றே இந்த வழக்கு நினைவுகூரப்படுகிறது. ஆனால் விசாரணை நடந்த காலம் முழுவதும் அச்சிறுமிகள் எப்படி வாழ்ந்தார்கள்? அவர்களது உருவங்களை மங்கலாக்கிக்கூட ஒளிபரப்பக் கூடாது என்று 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஊடகங்களைத் தடுக்க வேண்டிய நிலை இருந்தது. அவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். 2019 பிப்ரவரியில் மொகாமா இல்லத்திலிருந்து வெளியேறிக் காணாமல்போன சிறுமிகளுள் சிலர், முசாபர்பூரிலிருந்து அங்கு மாற்றப்பட்டவர்கள். பாதுகாப்புக் குறைபாடு என்ற கோணத்திலேயே அச்சம்பவம் அப்போது பெரிதும் பேசப்பட்டது. பூட்டிய கட்டடத்துக்குள் கொடுமையை அனுபவித்த ஒருத்திக்கு, மற்றொரு பூட்டிய கட்டடம் பாதுகாப்பாகத் தோன்றுமா என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

வழி தெரியாமல் நாடு நிற்கவில்லை. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில், மத்திய அமைச்சகத்தின் ஆதரவுடன் 2020-இல் தொடங்கப்பட்ட 'சம்வாத்' திட்டம், இல்லப் பணியாளர்கள், குழந்தைகள் நலக்குழுவினர் உள்ளிட்டோருக்கு இத்தகைய பயிற்சிகளை அளித்து வருகிறது. ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்ற அளவே உள்ள நாட்டில், குழந்தைகளுக்கான வல்லுநர் ஒவ்வொரு மாவட்ட இல்லத்துக்கும் வந்து சேர்வார் என்று காத்திருப்பதில் பொருளில்லை. இல்லத் தாய்மார்களுக்குப் பயிற்சி அளிப்பதே நடைமுறைக்கு ஒத்தது. ஆனால் பயிற்சி பெற்றவர் குறைந்த ஊதியத்தின் காரணமாக ஆறு மாதத்தில் வேலையை விட்டுச் சென்றால், பயிற்சியும் அவருடனேயே போய்விடும். குழந்தைக்கோ அது இன்னொரு பிரிவு.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், குடும்பத்திலேயே குழந்தையை வைத்துப் பராமரிக்கும் நிதியாதரவுக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் மாதம் 4,000 ரூபாய் வழங்க வகை செய்கின்றன. இல்லத்துக்குச் செல்வது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்ற சட்டத்தின் கோட்பாட்டுக்கு இது பொருந்துகிறது. 2024-இல் திருத்தப்பட்ட வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், தனியாக வாழ்வோரும் குழந்தைகளை ஏற்க வழி திறந்துள்ளன. இதுவும் வரவேற்கத்தக்கதே. எனினும், குடும்பம் என்ற பெயரே காயத்தை ஆற்றிவிடாது. தன்னைச் சோதித்துப் பார்க்கும் குழந்தையை முதல் மூன்று மாதங்களில் எப்படித் தாங்குவது என்று வளர்ப்புப் பெற்றோருக்குச் சொல்லித் தர ஆள் இல்லையெனில், அக்குழந்தை திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்டு.

18 வயதில் வரும் பிரிவு இவை அனைத்திலும் குறைவாகப் பேசப்படுவது. சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இல்லத்தைவிட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவி வழங்க இடமளிக்கிறது. பின்பராமரிப்பு 21 வயது வரையிலும், சிறப்புச் சூழலில் 23 வயது வரையிலும் நீடிக்கலாம். அங்கும் பேச்சு பெரும்பாலும் தொழிற்பயிற்சி, வங்கிக் கணக்கு, தங்குமிடம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இல்லத்தில் ஓர் ஆலோசகரிடம் ஆண்டுக்கணக்கில் மனம் திறந்து பேசிவந்த இளைஞர், பிறந்தநாளுக்கு மறுநாள் அவரைச் சந்திக்க முடியுமா, தொலைபேசியில் அழைத்தால் அவர் எடுப்பது பணி விதிகளுக்குள் வருமா என்பதற்கு அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எழுத்துப்பூர்வமாக விடை சொல்ல வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.