முன்னனுபவம் கேட்கிறார்கள்



ரோடு, பாலம், பள்ளிக்கூடம், தண்ணித்தொட்டி என்று அரசாங்கம் கட்டுகிற எதை எடுத்தாலும் அதில் நம் சனங்களின் கை இருக்கிறது. மண் வெட்டுகிறவர், கல் சுமக்கிறவர், கம்பி கட்டுகிறவர் எனச் சேரியிலிருந்து போகிறவர்கள் ஏராளம். ஆனால் பில்லில் ஏறுகிற பெயர் வேறு ஒருவருடையது. ஒப்பந்தக்காரர் என்ற அந்தப் பெயரை யார் வாங்கலாம், யார் வாங்க முடியாது என்று தீர்மானிக்கிற விதிகளைப் பற்றி நம் இயக்கங்கள் அதிகம் பேசியதில்லை. படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டோம். டெண்டரில் கேட்கவில்லை.

இதை பாபாசாகேப் அன்றே கேட்டிருக்கிறார். 1942இல் வைஸ்ராயிடம் கொடுத்த கோரிக்கை மனுவில், அரசுப் பணிகளோடு சேர்த்து அரசு ஒப்பந்தங்களிலும் பட்டியல் சாதியாருக்குப் பங்கு மறுக்கப்படுவதை எழுதினார். எண்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே இருக்கிறோம்.

விதிகளைப் பாருங்கள். ஒப்பந்தக்காரர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பதிவு செய்கிறார்கள். கீழ் வகுப்புக்குச் சின்ன வேலை, மேல் வகுப்புக்குப் பெரிய வேலை. பதிவுக்கும் டெண்டருக்கும் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள்: சொத்து மதிப்புச் சான்று, முன்னனுபவச் சான்று, கட்டவேண்டிய வைப்புத்தொகை. இந்த மூன்றிலும் சாதி என்ற சொல்லே கிடையாது. அதனால்தான் 'எல்லாருக்கும் பொதுவான விதி' என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

நான் பிழைப்புக்கு வங்கியில் எழுத்தர். அந்தப் பொதுவான விதி கவுண்டருக்கு வந்து நிற்கும்போது அதன் முகம் எனக்குத் தெரியும். சால்வன்சி என்றால் நிலம் காட்ட வேண்டும். நமக்கு ஏது நிலம்? 1892இல் வெள்ளைக்கார அரசு ஆணை போட்டு, சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் கொடுத்தது. அது எங்கே போனது, எவர் பட்டாவில் கிடக்கிறது என்பது ஊருக்கு ஊர் தெரிந்த கதை. பறித்தவர் வாரிசு அதே நிலத்தைக் காட்டி சால்வன்சி வாங்கலாம். பறிகொடுத்தவர் வாரிசிடம் காலனி வீட்டுப் பட்டாதான் இருக்கும். பேங்க் கேரண்டி கேட்டாலும் இதே கதைதான். மார்ஜின் பணம் கட்டு, அடமானம் கொடு என்போம். இருப்பவருக்கு எளிது. இல்லாதவருக்கு நாங்கள் ஒரு படிவம் கொடுத்து அனுப்புவோம்.

முன்னனுபவம் இருக்கிறதே, அதுதான் பெரிய மோசடி. எங்கள் கிளைக்கு ஒரு மேஸ்திரி வருவார். இருபது வருசமாக மற்றவர் லைசென்சில் சப் காண்ட்ராக்ட் எடுத்து வேலை செய்தவர். ஒருநாள் சொன்னார்: "நான் கட்டுன பாலம் அந்தா நிக்குது தம்பி. அதுக்கு சர்ட்டிபிகேட்டு மட்டும் அவருகிட்ட இருக்கு." செய்த வேலையே ஆவணத்தில் அடுத்தவர் அனுபவமாக மாறிவிடுகிறது. அந்த அனுபவத்தைக் காட்டி அவர் அடுத்த வகுப்புக்குப் போகிறார். மேஸ்திரி மேஸ்திரியாகவே நிற்கிறார். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் யாரும் முன்னனுபவச் சான்று கேட்பதில்லை. 1993லும் 2013லும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழிக்குள் இறங்கச் சொல்கிறார்களே, அந்த வேலைக்கு.

விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, அரசுத் துறைகள் வாங்குவதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து வாங்க வேண்டும். சிறு தொழில்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. நடப்பு என்ன? பல ஆண்டுகளில் அந்த நான்கில் பாதியைக்கூட எட்டவில்லை. அதோடு அந்தக் கொள்கை பொருள்களுக்கும் சேவைகளுக்கும்தான். கட்டுமான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று கையை விரிக்கிறார்கள். நம் ஆட்களுக்குக் கை வந்த தொழில் எதுவோ அதிலேயே கதவு சாத்தப்படுகிறது. கர்நாடகத்தில் இதைச் சட்டத்தாலேயே திறந்திருக்கிறார்கள். அரசுக் கட்டுமான வேலைகளில் பட்டியல் சாதியாருக்கு 17.15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு. முதலில் 50 லட்சம் ரூபாய் வரையான வேலைகளுக்கு என்று இருந்ததை 2023இல் ஒரு கோடி என்று உயர்த்தினார்கள்.

விலக்கு மறுக்கப்பட்டால் யார் எதுவரை போக முடிகிறது என்பதுதான் என் கேள்வி. இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். விர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்தில் அப்போது பாதிப்பேர் கறுப்பர்கள். 1983க்கு முந்தைய ஐந்தாண்டுகளில் நகராட்சியின் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு நேரடியாகக் கிடைத்தது 0.67 விழுக்காடு. அந்த ஆண்டு நகராட்சி ஒரு விதி போட்டது. ஒப்பந்தம் எடுக்கிறவர் அதன் மதிப்பில் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும். நகரச் சிறைச்சாலையில் கழிப்பறைச் சாமான்கள் மாட்டுகிற ஒரு வேலை வந்தது. டெண்டர் போட்ட க்ரோசன் என்ற நிறுவனம், தகுந்த ஆள் கிடைக்கவில்லை, 30 விழுக்காட்டிலிருந்து எங்களுக்கு விலக்கு கொடுங்கள் என்றது. நகராட்சி மறுத்தது. அந்த மறுப்பின்மேல் நேரடியாக மேல்முறையீடு செய்ய நகராட்சி விதியில் இடமில்லை. நிறுவனம் நீதிமன்றம் போனது. படிப்படியாக ஏறி 1989இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்று ஜெயித்தது. அந்த விதியே செல்லாது என்றாகிவிட்டது. நீதிமன்றத்தின் ஒரே கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் அதை எதிர்த்துத் தீர்ப்பெழுதினார்.

ஒரு கழிப்பறை வேலைக்கு விலக்கு மறுக்கப்பட்ட ஆதிக்கத் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போய் விதியையே உடைத்தது. விலக்கு மறுக்கப்பட்ட நம் ஆள் எதுவரை போகிறார்? கவுண்டர் வரை. 'பரிசீலிக்க இயலாது' என்று ஒரு வரி, பல நேரம் அதுவும் வாய்ச்சொல். காகிதமே இல்லாத மறுப்பை எதிர்த்து எங்கே போவது? தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தில் மேல்முறையீடு உண்டு, பத்து நாளுக்குள் அரசிடம் போகலாம். ஆனால் அது டெண்டர் போட்டு, முடிவு ஆணை வந்த பிறகு. டெண்டர் போடுகிற தகுதிக்கு முன்பே தடுக்கப்பட்டவருக்கு அதனால் என்ன பயன்?

ரிச்மண்ட் தீர்ப்பில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. சமூகத்தில் பொதுவாகப் பாகுபாடு உண்டு என்றால் போதாது, இந்த ஊரில் இந்தத் தொழிலில் நடந்ததைக் கணக்கோடு காட்டு என்றது நீதிமன்றம். அதன் பிறகு அங்குள்ள நகராட்சிகள் கணக்கெடுக்கத் தொடங்கின. இங்கே அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

"நாலு தலித் காண்ட்ராக்டர் வந்துட்டா சாதி ஒழிஞ்சிடுமா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். ஒழியாது. நம்ம சாதிக்காரர் முதலாளியானால் சித்தாளுக்கு அரைக்கூலி கொடுக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் கிராமத்தில் காண்ட்ராக்ட் பணம்தான் தேர்தல் பணம், அதுதான் வட்டிப் பணம், அதுதான் போலீஸ் ஸ்டேசன் வரை பேசுகிற பணம். தனி ஊராட்சியில் தலைவர் நம்மவராக உட்கார்ந்தும், வேலை எடுப்பது அவர்களாகவே இருக்கும்போது அந்த நாற்காலிக்கு என்ன பலம்? விடுதலை இதில் முடியாது என்பதற்காக இதைத் தொடாமல் விட்டால் அந்தப் பணம் என்றென்றைக்கும் அவர்களிடமே கிடக்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: கட்டுமான ஒப்பந்தங்களில் பங்கு, அரசாணையாக இல்லாமல் சட்டமாக. துணை ஒப்பந்தத்தில் செய்த வேலைக்கு, செய்தவர் பெயரிலேயே அனுபவச் சான்று. பதிவையோ விலக்கையோ மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் மறுப்பு. அந்த மறுப்பின்மேல் நாள் குறித்த மேல்முறையீடு, அதை விசாரிக்கிற குழுவில் நம்மவர்கள்.

மாணவத் தோழர்களுக்கு உடனே செய்ய ஒரு வேலை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் ஊராட்சி ஒன்றியத்துக்கும், மாவட்டப் பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத் துறை அலுவலகங்களுக்கும் மனுப் போடுங்கள். பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்கள் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர், பதிவோ விலக்கோ கேட்டு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன காரணம்? முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 'அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். எண்பது வருசமாக எண்ணவே இல்லை என்பதற்கு அவர்களே கொடுத்த சாட்சி அது. வந்த பதில்களை இதழுக்கு அனுப்புங்கள். மாவட்டவாரியாக அச்சிடுவோம்.